லூக்கா வரைந்த அன்னையா? பறங்கிமலைப் படம் தரும் பாடம்

நம் கரையோரப் பங்குகளிலிருந்து இந்தியாவுக்கு யாத்திரை போகிறவர்கள் பெரும்பாலும் வேளாங்கண்ணியை நோக்கியே புறப்படுகின்றனர். சென்னையில் ஓரிரு நாள் தங்க நேருமானால், புனித தோமையாரின் நினைவைத் தாங்கி நிற்கும் பறங்கிமலைக்கும் ஏறி வருவார்கள். மலையுச்சியிலுள்ள கோவிலில், குழந்தை இயேசுவை ஏந்திய தேவ அன்னையின் பழைய படம் ஒன்று பெரும் பக்தியோடு பேணப்படுகிறது. நற்செய்தி எழுதிய புனித லூக்காவே அதனைத் தம் கையால் தீட்டினார். அவர் தீட்டிய ஏழு படங்களுள் அதுவும் ஒன்று. தோமையார் இந்தியாவுக்கு வந்தபோது அதனைத் தம்முடன் கொண்டுவந்தார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வருகிறது.

யாத்திரை முடிந்து வீடு திரும்பியபின்தான் கேள்வி எழும். படித்த மகன், "லூக்காவின் காலத்தில் இப்படித் தைலவர்ணத்தில் யாரும் படம் வரையவில்லையாமே" என்பான். அம்மம்மாவுக்கு மனம் நோகும். "பெரியவர்கள் சொன்னது பொய்யா? இப்படிப் பேசினால் நாளைக்கு மாதாவே இல்லையென்பாய்" என்பார். மகன் வாயை மூடிக்கொள்வான். அடுத்த முறை யாத்திரைக்கு வரமாட்டான். ஒரு படத்தைப் பற்றிய பேச்சு இப்படி ஒரு குடும்பத்தின் செபத்தையே இரண்டாக்கிவிடுவதுண்டு.

இங்கே இருவரும் ஒரே முடிச்சில் அகப்பட்டிருக்கிறார்கள். படத்தை வரைந்தவர் யார் என்பது ஒரு கேள்வி. அப்படத்தின் முன் நாம் முழந்தாளிடுவது ஏன் என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்கு வரலாறும் கலையறிவும் விடை தேடும். இரண்டாவதற்குத் திருச்சபை எப்போதோ விடை தந்துவிட்டது. இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் அம்மம்மாவும் பேரனும் ஒரே படத்தின் முன் ஒன்றாக நிற்கலாம். அதற்கு உதவுவதே இப்பாடத்தின் நோக்கம்.

மலையும் படமும்

"பறங்கி" என்பது போர்த்துக்கேயரை நம்மவர் அழைத்த பெயர். அவர்கள் குடியேறியதால் அம்மலை பறங்கிமலை ஆயிற்று. தோமையார் அங்கே வேதசாட்சியாக மரித்தார் என்பது நெடுங்கால மரபு. போர்த்துக்கேயர் 16-ஆம் நூற்றாண்டில் மலையுச்சியில் கோவில் எழுப்பினர். அது எதிர்நோக்கின் அன்னைக்கு, அதாவது திருமகனின் பிறப்பை எதிர்பார்த்திருக்கும் மாதாவுக்கு, அர்ப்பணிக்கப்பட்டது. அத்திருநாள் டிசம்பர் 18. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1986-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் சென்னைக்கு வந்தபோது அம்மலைக்கும் சென்று செபித்தார்.

அன்னையின் படம் மரப்பலகையில் தீட்டப்பட்ட தைலவர்ண ஓவியம் என்றே குறிப்பிடப்படுகிறது. அதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் குறிப்புகள் போர்த்துக்கேயர் காலத்திலிருந்து தொடங்குகின்றன. ஐரோப்பாவில் அது மறுமலர்ச்சிக் காலம். பலகையிலும் துணியிலும் தைலவர்ணத்தால் படம் தீட்டும் கலை உச்சத்தில் இருந்தது. கப்பல்களில் குருமாரோடு சுரூபங்களும் படங்களும் கீழைத்தேசங்களுக்கு வந்தன. ஆகவே இப்படம் லூக்காவினுடையது என்னும் மரபைக் கேட்கும் கலை வரலாற்றாசிரியர், "முதலாம் நூற்றாண்டுக்கும் பதினாறாம் நூற்றாண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எதைக்கொண்டு கடப்பது?" என்று கேட்பது இயல்பே. அது பக்தியைக் குலைக்கும் கேள்வியன்று. எந்தப் பழம்பொருளைப் பற்றியும் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

லூக்கா ஓவியரா?

லூக்காவைப் பற்றிப் புதிய ஏற்பாடு சொல்வது கொஞ்சம்தான். சின்னப்பர் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில் (4:14) அவரை அன்புக்குரிய மருத்துவர் என்கிறார். ஓவியர் என்று வேதாகமத்தில் எங்கும் இல்லை.

பிறகு அந்த மரபு எங்கிருந்து வந்தது? கிழக்குச் சபையில் 6-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தியோடோர் என்னும் வரலாற்றாசிரியரின் பெயரால் ஒரு குறிப்பு வழங்குகிறது. எயுதோக்கியா என்னும் பேரரசி, லூக்கா வரைந்த மாதாவின் படத்தை யெருசலேமிலிருந்து கொன்ஸ்தாந்திநோப்பிள் நகரத்திலிருந்த புல்கேரியாவுக்கு அனுப்பினார் என்பது அதன் சாரம். இதுபற்றிய மிகப் பழைய சான்றாக எடுத்துக் காட்டப்படுவது இதுவே. 8-ஆம் நூற்றாண்டில் திருப்படங்களை உடைத்தெறிய அரசர்களே முற்பட்டபோது, "நற்செய்தியாளரே மாதாவைப் படமாகத் தீட்டினாரே" என்று படங்களைக் காத்தவர்கள் இம்மரபை எடுத்துச் சொன்னார்கள். அதன்பின் அது எங்கும் பரவியது. உரோமையில் புனித மரியா பேராலயத்திலுள்ள "உரோமை மக்களின் மீட்பு" என்னும் அன்னையின் படமும், போலந்து நாட்டுச் செஸ்தொகோவாவின் கறுத்த மாதா படமும், இத்தாலியில் பொலோஞா நகர்ப் படமும், இன்னும் பலவும் லூக்காவின் கைவண்ணம் என்றே அழைக்கப்படலாயின.

இதற்கு மாறாக நாம் நினைவில் கொள்ள வேண்டிய சாட்சி ஒன்றுண்டு. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரித்துவத்தைப் பற்றி எழுதிய புனித அகுஸ்தீனார், கன்னி மரியாளின் முகம் எப்படியிருந்தது என்று நமக்குத் தெரியாது என்று வெளிப்படையாகவே சொல்கிறார். முகம் தெரியாதது விசுவாசத்துக்கு ஒரு குறையென்று அவர் எண்ணவில்லை.

"அப்படியானால் லூக்கா நற்செய்தியை லூக்காதான் எழுதினார் என்பதும் மரபுதானே? அதையும் சந்தேகிப்பதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நற்செய்தியின் மூல வாசகத்துக்குள் எழுதியவரின் பெயர் இல்லை என்பது உண்மையே. ஆனால் ஏறக்குறைய 180-ஆம் ஆண்டிலேயே புனித இரேனியு அதனை லூக்காவின் நூல் என்று பெயர் குறித்து எழுதுகிறார். நற்செய்தி எழுதப்பட்டு ஏறக்குறைய நூறு ஆண்டுக்குள் கிடைக்கும் சாட்சி அது. படத்தைப் பற்றிய சாட்சியோ லூக்காவுக்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு தள்ளி வருகிறது. மரபு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்தாலும் இரண்டின் எடையும் ஒன்றல்ல. தோமையார் இந்தியாவுக்கு வந்தார் என்பதற்கும் 3-ஆம், 4-ஆம் நூற்றாண்டுகளிலேயே சிரியத் திருச்சபையின் எழுத்துகளில் சான்றுகள் உண்டு. ஆகவே படத்தைப் பற்றிய மரபு தளர்ந்தாலும் தோமையாரின் வருகையைப் பற்றிய மரபு அதனோடு சேர்ந்து விழுந்துவிடாது. ஒவ்வொரு மரபையும் அதனதன் சாட்சியைக் கொண்டே நிறுக்க வேண்டும்.

ஒரு பெயர் ஒரு படத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதும் உண்டு. 1569-ஆம் ஆண்டில் யேசு சபைத் தலைவராயிருந்த புனித பிரான்சிஸ்கு போர்ஜியா, பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதரின் உத்தரவு பெற்று, உரோமைப் பேராலயத்து அன்னையின் படத்துக்குப் பிரதி எடுப்பித்தார். அதன்பின் அதன் பிரதிகள் உலகெங்குமுள்ள வேதபோதக நாடுகளுக்குச் சென்றன. 1580-இல் யேசு சபைக் குருமார் அக்பர் சக்கரவர்த்தியின் அவைக்குச் சென்றபோது அப்படத்தின் பிரதியொன்றையும் கொண்டுபோனார்கள். அக்பர் மரியாதையோடு வந்து பார்த்தார் என்று குருமாரின் கடிதங்கள் கூறுகின்றன. இத்தகைய பிரதியைக் காண்போருக்குக் குருவானவர், "இது லூக்கா வரைந்த படத்தின் பிரதி" என்று சொல்லியிருப்பார். இரண்டு தலைமுறை கழிந்தால் "பிரதி" என்ற சொல் உதிர்ந்துவிடும். "லூக்கா வரைந்த படம்" என்பது மட்டும் நிற்கும். இதில் பொய் சொன்னவர் எவருமில்லை. வாய்வழி வரும் செய்தி தேய்வது இப்படித்தான். பறங்கிமலைப் படத்தின் கதை இதுவேயென்று நாம் சொல்லவில்லை. பெயர்கள் எப்படிப் பயணம் செய்கின்றன என்பதற்கு இது உதாரணம்.

பலகையும் வர்ணமும் பேசும்

கையொப்பம் இல்லாத படத்தை இன்னாருடையது என்று எப்படிச் சொல்கிறார்கள்? நம் கரையில் வலை பொத்தும் பெரியவர் ஒருவரிடம் பழைய வலையொன்றைக் கொடுத்துப் பாருங்கள். முடிச்சைத் தடவிப் பார்த்து, "இது நம் ஊர்க் கையில்லை" என்பார். நூலைப் பார்த்து, இது பருத்தியா நைலோனா என்று சொல்லி, வலையின் காலத்தையும் மட்டிட்டுவிடுவார். ஓவியத்தை ஆராய்வோரும் அதையே செய்கிறார்கள். கையின் பழக்கத்தைப் பார்க்கிறார்கள். பொருளின் காலத்தைப் பார்க்கிறார்கள்.

பொருளை முதலில் எடுப்போம். லூக்கா வாழ்ந்த காலத்துப் பலகைப் படங்கள் எப்படியிருந்தன என்பது நமக்குத் தெரியும். எகிப்து நாட்டுப் பாயூம் பகுதியில், இறந்தோரின் உடலோடு வைக்கப்பட்ட முகப்படங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. அவை முதலாம் நூற்றாண்டு தொடங்கித் தீட்டப்பட்டவை. சூடான மெழுகில் வர்ணம் குழைத்துத் தீட்டியவை சில. பசையோ முட்டையோ சேர்த்துத் தீட்டியவை சில. சீனாய் மலையடிவாரத்துப் புனித கத்தரீன் மடத்தில் 6-ஆம் நூற்றாண்டளவில் தீட்டப்பட்ட இயேசுவின் படமும் மெழுகு வர்ணத்தாலானது. ஆளிவிதை எண்ணெய் போன்றவற்றில் வர்ணம் குழைப்பதை முன்னோர் சிலர் அறிந்திருந்தபோதிலும், பலகை ஓவியத்தின் தலைசிறந்த முறையாக அது வளர்ந்தது 15-ஆம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியப் பகுதியில். 1441-இல் மரித்த யான் வான் ஐக் என்னும் ஓவியர் அதில் புகழ் பெற்றவர். எண்ணெய் மெதுவாய் உலருவதால் ஒன்றன்மேலொன்றாக மெல்லிய படலங்களைப் பூசலாம். கன்னத்தின் ஒளியும் பட்டின் மினுக்கமும் அப்படித்தான் வருகின்றன. ஆகவே ஒரு படம் தைலவர்ணத்தாலானது என்றாலே, அது முதலாம் நூற்றாண்டினது என்று கொள்வதற்கு மிக வலுவான வேறு சான்று வேண்டும்.

நீதியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய படத்தின்மேல் பிற்காலத்தவர் மீண்டும் வர்ணம் பூசுவதுண்டு. செஸ்தொகோவா மாதாவின் படத்தை 1430-ஆம் ஆண்டில் கொள்ளையர் வெட்டிச் சேதப்படுத்தினர். பின்பு அது பெரும்பாலும் புதிதாகவே தீட்டப்பட்டது. கன்னத்திலுள்ள வெட்டுத் தழும்புகள் இன்றும் காணப்படுகின்றன. ஆகவே மேலே தெரிவதை மட்டும் பார்த்து முடிவு கட்டிவிடலாகாது.

உள்ளே இருப்பதைப் பார்க்க இப்போது வழிகள் உண்டு. எக்ஸ்ரே கதிர் மேற்பூச்சுக்குக் கீழேயுள்ள பழைய வர்ணத்தைக் காட்டும். அகச்சிவப்புக் கதிர், வர்ணம் பூசுமுன் ஓவியர் கரிக்கோட்டால் இட்ட முதல் வரைவைக் காட்டும். பலகையின் விளிம்பில் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணி, அம்மரம் எந்த ஆண்டுக்கு முன் வெட்டப்பட்டிருக்க முடியாது என்று கணிக்கலாம். வர்ணத்தூளும் சாட்சி சொல்லும். பிரஷ்ய நீலம் என்னும் வர்ணம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நீலம் ஒரு படத்தில் இருந்தால், அந்தப் பூச்சு அதற்குப் பிந்தியதே.

இம்முறை எவ்வளவு பயன் தரும் என்பதற்கு நம் பொருளோடு ஒட்டிய உதாரணம் ஒன்றுண்டு. மறுமலர்ச்சிக் காலத்தில் ஓவியர்கள் லூக்காவைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டார்கள். அவர்களுடைய சங்கங்கள் அவர் பெயரையே தாங்கின. ஏறக்குறைய 1435-க்கும் 1440-க்கும் இடையில் ரோஜியர் வான் டெர் வெய்டன் என்பவர், பாலூட்டும் தேவ அன்னையை லூக்கா படம் எழுதுவதாகவே ஒரு படம் தீட்டினார். அதே காட்சி இன்று நான்கு நகரங்களில் உண்டு: அமெரிக்காவில் போஸ்டன், ரஷ்யாவில் சென் பீட்டர்ஸ்பேர்க், ஜெர்மனியில் மியூனிக், பெல்ஜியத்தில் புரூஜ். எது அவருடைய சொந்தக் கை, எவை பிரதிகள் என்று அறிஞர் நெடுங்காலம் வாதாடினர். அகச்சிவப்புக் கதிரால் பார்த்தபோது, போஸ்டன் நூதனசாலையிலுள்ள படத்தின் அடியில் ஓவியர் கோடுகளைப் பலமுறை மாற்றி மாற்றி வரைந்திருப்பது தெரிந்தது. பார்த்துப் பிரதி செய்கிறவர் அப்படித் தடுமாறமாட்டார். புதிதாய்ச் சிந்தித்து வரைகிறவரே மாற்றுவார். ஆகவே போஸ்டன் படமே மூலம் என்பது இப்போது பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. மற்ற மூன்றும் அதற்காகக் குப்பைக்குப் போய்விடவில்லை. அவை இன்றும் நூதனசாலைகளில் மதிப்போடு காக்கப்படுகின்றன.

அதே மலையில் ஒரு கற்சிலுவை

ஆராய்ச்சியால் பக்தி குன்றிவிடுமோ என்று அஞ்சுவோருக்குப் பறங்கிமலையே விடை தருகிறது. 1547-ஆம் ஆண்டில் அம்மலையில் அஸ்திவாரம் தோண்டியபோது கல்லில் செதுக்கிய சிலுவையொன்று கிடைத்தது. அதனைச் சுற்றி எவரும் வாசிக்கத் தெரியாத எழுத்துகள் இருந்தன. அக்காலத்தில் அறிஞர் ஒருவரை அழைத்து வாசிக்கச் செய்தார்கள். தோமையாரின் வரலாற்றையே சொல்லும் நீண்ட வாசகம் அதிலுள்ளதாக அவர் விளக்கம் கூறினார். போர்த்துக்கேயர் அதனை மகிழ்ச்சியோடு எழுதிவைத்துக்கொண்டார்கள்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின், 1873-ஆம் ஆண்டில், பேர்னல் என்னும் ஆங்கில அறிஞர் அது பாரசீகத்தின் பழைய பஹ்லவி எழுத்து என்று எடுத்துக்காட்டினார். கேரளத்திலும் அதே வகைச் சிலுவைகள் உண்டு. பிற்கால அறிஞர் பலரின் வாசிப்பின்படி அது நீண்ட வரலாறு அன்று. கிறிஸ்துவிடம் இரக்கம் கேட்கும் சிறு செபம். சிலுவையும் தோமையாரின் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

இதனால் நாம் இழந்தது என்ன? ஒரு கற்பனை விளக்கத்தை. பெற்றது என்ன? போர்த்துக்கேயர் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே சோழமண்டலக் கரையில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்து, கல்லில் செபத்தைச் செதுக்கி வைத்தார்கள் என்பதற்கு அசைக்க முடியாத சான்று. "கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம்" என்று சொல்வோருக்கு இதைவிட நல்ல விடை வேறேது? உண்மையை விசாரித்ததால் சிலுவையின் மதிப்பு கூடியது. அது இன்றும் அக்கோவிலின் பீடத்தில்தான் இருக்கிறது.

திருச்சபை கற்பிப்பது

787-ஆம் ஆண்டில் நடந்த இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம் திருப்படங்களைப் பற்றித் தெளிவான போதனை தந்தது. படத்துக்குச் செய்யும் மரியாதை அதில் காட்டப்படும் ஆளையே சென்றடைகிறது. ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. 1563 டிசம்பரில் திரிதெந்தீன் பொதுச்சங்கமும் இதையே உறுதிப்படுத்தி, படத்துக்குள்ளே ஏதோ தெய்வீக சக்தி இருப்பதாக எண்ணி அதில் நம்பிக்கை வைக்கலாகாது என்றும் எச்சரித்தது.

இப்போதனையில் வரைந்தவரின் பெயருக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். படத்தின் முன் சொல்லும் செபம் மாதாவைச் சேருகிறது, ஓவியரைச் சேருவதில்லை. லூக்கா வரைந்தால் செபம் விரைவாய்ப் போகும், கோவாவிலோ லிஸ்பனிலோ இருந்த பெயர் தெரியாத தச்சனும் ஓவியனும் செய்தால் தாமதமாய்ப் போகும் என்பதில்லை. அச்சில் வந்த படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, அதன்முன் மாலைதோறும் செபமாலை சொல்லும் நம் வீடுகளுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயமே.

ஆகவே பறங்கிமலைப் படம் லூக்காவினுடையது என்று விசுவசிக்கும்படி திருச்சபை எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் கண்ணீரோடும் நன்றியோடும் வந்து நின்ற படம் என்பதே அதற்குப் போதிய மகிமை. அந்த மகிமையை எந்த ஆராய்ச்சியாலும் எடுத்துவிட முடியாது.

நம் கரையோரக் கோவில்களில்

இது சென்னையின் விவகாரம் மட்டுமன்று. தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்தின் தொடக்கத்தைப் பற்றியே நம் மக்களிடையே இரண்டு வரலாறுகள் வழங்குகின்றன. மன்னாரிலிருந்து கொழும்புக்குக் கால்நடையாகப் போன ஏழைப் போர்த்துக்கேயர் ஒருவர் அங்கே மரத்தடியில் உறங்கியபோது அன்னம்மாளின் அருளைப் பெற்றார் என்பது ஒன்று. கப்பல் சேதத்தில் தப்பிக் கரையேறிய வணிகர் ஒருவர் தம்மிடமிருந்த சுரூபத்தை மரத்தடியில் வைத்து, கோவில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். மார்ச் மாதத்திலும் ஆடித் திருநாளிலும் அங்கே கூடாரமடித்துத் தங்கும் குடும்பங்கள் எந்த வரலாறு சரியென்று தீர்த்துவிட்டா செபிக்கின்றன? அன்னம்மாள் என்ற பெயரே வேதாகமத்தில் இல்லை. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, யாகப்பரின் பெயரால் வழங்கும் நூலொன்றிலிருந்து அது நமக்கு வருகிறது. அந்நூலைத் திருச்சபை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. ஆனால் மாதாவுக்கு ஒரு தாய் இருந்தார் என்பதில் யாருக்குச் சந்தேகம்? அந்தத் தாயைத்தான் ஜூலை 26-ஆம் நாள் கொண்டாடுகிறோம்.

ஒல்லாந்தர் காலத்தில் நம் வழிபாடு தடை செய்யப்பட்டிருந்தது. 1687-இல் இலங்கைக்கு வந்த புனித யோசேவ் வாஸ் முனிவர் மாறுவேடத்தில் உலாவித்தான் நம் முன்னோரைத் திடப்படுத்தினார். ஒளித்து வைக்கப்பட்ட சுரூபத்துக்கு யார் பத்திரம் எழுதிவைப்பார்? ஆகவே நம்மிடமுள்ள பழம்படங்களுக்கும் சுரூபங்களுக்கும் எழுத்துச் சான்று அரிது. அந்தப் பொருட்களின் மரமும் வர்ணமுமே பெரும்பாலும் மிஞ்சியிருக்கும் சான்று. அந்தச் சான்றைத்தான் நாம் திருநாளுக்குத் திருநாள் நல்ல மனதோடு அழித்துவிடுகிறோம். "சாமி பழசாய்ப் போச்சு" என்று எனாமல் பூச்சு வாங்கி முகத்துக்கு ரோஸ் நிறமும் அங்கிக்குப் பளபளக்கும் நீலமும் அடித்துவிடுகிறோம். முந்நூறு ஆண்டு எழுத்தை ஒரே மாலையில் அழிப்பதற்கு ஒப்பானது அது.

திருச்சபைச் சட்டம் இதில் உறுதியாயிருக்கிறது. பழமையாலோ கலையாலோ மக்களின் வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற திருப்படத்தைப் பழுதுபார்க்க வேண்டுமானால், ஆயரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். அவரும் அறிந்தோரைக் கலந்தே அனுமதி தர வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (1189) கூறுகிறது. மக்கள் பெரிதும் வணங்கும் படத்தைப் பரிசுத்த ஆசனத்தின் அனுமதியின்றி விற்கவோ வேறிடத்துக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடவோ கூடாது என்று அடுத்த சட்டம் (1190) கட்டளையிடுகிறது. பழம்பொருள் வாங்க வருகிறவர்களிடம் நம் கோவில் பராமரிப்போர் சொல்ல வேண்டிய விடையும் இதுவே.

ஒவ்வொரு பங்கிலும் இளைஞரும் பெரியோரும் சேர்ந்து செய்யக்கூடியவை சில உண்டு.

1. கோவிலிலும் பழைய வீடுகளிலும் உள்ள பழம்படங்களை முன்பக்கமும் பின்பக்கமும் படம் பிடித்து வையுங்கள். பலகையின் பின்புறத்திலுள்ள உளி அடையாளமும், ஒட்டிய கடதாசியும், முத்திரையும் முன்பக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

2. அப்பொருளைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வதை அவர்கள் வாயாலேயே கேட்டு, சொன்னவர் பெயரையும் திகதியையும் குறித்து, பங்குப் பதிவேடுகளோடு வையுங்கள். ஐம்பது ஆண்டு கழித்து வருகிறவனுக்கு அதுவே சாட்சி.

3. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள், மேலே வார்னிஷ் அடிக்காதீர்கள். நம் கடற்காற்றின் ஈரத்தில் பலகை விரிந்து, வெயிலில் சுருங்கும். அப்போது வர்ணம் செதில் செதிலாய் உதிரும். உதிரும் வர்ணத்தைத் துணியால் தொட்டால் துணியோடு வந்துவிடும்.

4. மெழுகுதிரியைப் படத்தை விட்டுத் தள்ளி ஏற்றுங்கள். ஈரமான பூமாலையைப் படத்தின்மேல் சாத்தாமல் முன்னால் வையுங்கள்.

பெற்றோருக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளிடம் பேசும்போது மூன்று சொற்களை வேறுபடுத்திச் சொல்லப் பழகுங்கள். வேதாகமத்தில் உள்ளதை "எழுதப்பட்டிருக்கிறது" என்று சொல்லுங்கள். திருச்சபை விசுவாசமாகக் கற்பிப்பதை "திருச்சபை போதிக்கிறது" என்று சொல்லுங்கள். லூக்காவின் படம் போன்றவற்றை "முன்னோர் சொல்லி வருகிறார்கள்" என்று சொல்லுங்கள். மூன்றையும் ஒரே குரலில் ஒரே உறுதியோடு சொல்லி வளர்த்த பிள்ளை, பிற்காலத்தில் மூன்றாவது தளர்வதைக் காணும்போது முதல் இரண்டையும் சேர்த்து எறிந்துவிடும். அந்த நட்டம் ஒரு படத்தின் பெயர் போவதைவிட எத்தனையோ மடங்கு பெரியது.

லூக்கா தீட்டிய சித்திரம்

லூக்கா ஓவியர் என்ற எண்ணம் எதிலிருந்து முளைத்தது என்று யோசித்தால் ஓர் அழகான காரணம் தென்படுகிறது. கபிரியேல் தூதர் நாசரேத்துக்கு வந்ததை எழுதியவர் லூக்கா. கர்ப்பிணியான மாதா மலைநாட்டுக்கு விரைந்து நடந்து எலிசபெத்தம்மாளைச் சந்தித்ததை எழுதியவர் லூக்கா. பிள்ளையைத் துணியில் சுற்றி முன்னிட்டியில் கிடத்தியதையும், கோவிலில் சிமியோன் முதியவர் சொன்ன வாளின் வார்த்தையையும், பன்னிரண்டு வயது மகனை மூன்று நாள் தேடித் தவித்த தாயின் கேள்வியையும் எழுதியவர் அவரே. மற்ற நற்செய்தியாளர்களிடம் இக்காட்சிகள் இல்லை. மாதாவின் முகத்தின் நிறத்தை அவர் சொல்லவில்லை. நடந்தவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்துக்கொண்டிருந்த ஒரு தாயை நம் முன் நிறுத்துகிறார். ஐரோப்பாவின் ஓவியர்களெல்லாம் மாதாவைத் தீட்ட எடுத்துக்கொண்ட மூலம் இந்த இரண்டு அதிகாரங்களே. அந்த அர்த்தத்தில் பறங்கிமலைப் படமும் நம் வீட்டுச் சுவரிலுள்ள அச்சுப் படமும் லூக்காவிடமிருந்து வந்தவைதான்.

இவ்வாரம் குடும்பமாகச் செபமாலை சொல்லுமுன் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களை வாசியுங்கள். அம்மம்மா கேட்க, பேரன் வாசிக்கட்டும். பின்பு இக்கேள்விகளைப் பற்றிச் சற்று நேரம் பேசுங்கள்.

சிந்தனைக்கு:

நம் வீட்டில் அல்லது கோவிலில் உள்ள பழைய படமோ சுரூபமோ எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லக்கூடிய பெரியவர் இப்போது யார் இருக்கிறார்?

அதைப் பற்றி நாம் சொல்வதில் எது எழுதப்பட்டது, எது போதிக்கப்படுவது, எது சொல்லப்பட்டு வருவது?

அதன் பெயரோ வயதோ நாம் நினைத்ததற்கு மாறாயிருந்தால், அதன்முன் நாம் சொல்லும் செபத்தில் எந்த வார்த்தையை மாற்ற வேண்டியிருக்கும்?